பார்டர் தெரிந்த படம்

மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். எதிர்வீட்டு செல்வி அக்காவின் தறி வெறுமையாக நிற்கிறது. நான் நோட்டைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பனிக்காலம் முழுக்கத் தெருவைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பால்காரர், மப்ளர் கட்டிய டீக்கடைக்காரர், கோலத்தின்மேல் படுத்த நாய். செவ்வாய்க்கிழமை, அக்கா தறியில் உட்கார்ந்து டீ குடிப்பதை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அதை மட்டுமே பார்த்தேன். ஸ்டேட்டஸில் வைத்தேன்.

தறியிலிருந்த சேலையின் புது பார்டரை நான் கவனிக்கவில்லை. கடைக்குப் போகும்வரை வெளியாட்கள் பார்க்கக் கூடாத டிசைன் அது. யாரோ படத்தை, அக்காவுக்கு நெசவு கொடுக்கும் முதலாளிக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அவரே வந்து தறியிலிருந்த பாவு நூலை அறுத்து எடுத்துப் போய்விட்டார்.

"பவர்லூம்காரன் ரெண்டே நாள்ல இதப் பாத்து காப்பியடிச்சு ஓட்டிடுவான்னு கத்தினாரு," என்றாள் அக்கா. "விடு. நான் எவ்ளோ அழகுன்னு ஊரே பாத்துச்சில்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் எடுத்ததுன்னு கேட்டாராக்கா?"

"கேட்டுகினேதான் இருந்தாரு. நான் சொல்லுவனா? உங்கப்பாவும் அவருக்குத்தான நெய்யறாரு."

"எந்த வேலையத்தது படம் புடிச்சிகினு திரியுதோ," என்று அப்பா சாப்பிடும்போது திட்டினார். மூன்று முறை வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், காலையில் அவரிடம் காட்ட.

அப்பா, அது நான்தான். காலையில் என்கூட முதலாளி வீட்டுக்கு வாங்க.