ஏழாம் எண் படம்

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது பழக்கதோஷம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது, என் முதுகுவலி குறையவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் திரைப்படச் சங்கம் வருடா வருடம் நடத்தும் சுயாதீனப் படவிழாவுக்கு, இந்த முறை தேர்வுக் குழுவில் என்னையும் போட்டார்கள். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது பாடம் நடத்துவாய். ஐந்து பேர், ஒன்பது படம். எடுத்தவர் பெயர் வரும் இடங்களை வெட்டிவிட்டு எண் மட்டும் போட்டுத் தருவார்கள். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று பல வருட ஏற்பாடு.

முதல் படத்தில் ஒருவன் பதினோரு நிமிடம் வெங்காயம் உரிக்கிறான். அந்தக் கண்ணீர் வெங்காயத்தாலா வாழ்க்கையாலா என்று நாம் யோசிக்க வேண்டுமாம். எனக்கு வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்ற யோசனைதான் வந்தது. மூன்றாவதில் குப்பை பொறுக்கும் பெண்ணின் வெடித்த குதிகாலை அவ்வளவு கிட்டத்தில் காட்டினார்கள். அவள் முகத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை. படம் முடிந்ததும் அந்தக் காலுக்கு ஒரு செருப்பாவது வாங்கித் தந்தார்களா என்று கேட்டேன். குழுவில் இருக்கும் பல் டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஐந்தாவதில் புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நாம் நம் வீட்டில் ஓசியிலேயே பார்த்து வளர்ந்தோம்.

பிறகு ஏழாம் எண்.

ஒரு நைட்டியின் முதுகு. தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. அந்தத் தையலைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். அப்பா நனைத்த விரிப்பை நான் உருவுகிறேன். அவர் இடுப்பில் துணி இல்லை. "கதவச் சாத்தும்மா, யாராச்சும் பாத்துடப் போறாங்க" என்கிறார். நான் போய்ச் சாத்துகிறேன். நீ உள்ளேதான் இருந்தாய், பீரோவுக்குப் பக்கத்தில், கையில் போனோடு. உதவிக்கு நிற்கிறாய் என்று நினைத்தேன். அந்த வார்த்தையைக்கூட நீ விடவில்லை. கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டிருக்கிறாய்.

விளக்கைப் போட்டதும் குழுவில் இருக்கும் வக்கீல், "என்ன நேர்மை சார், எதையும் மறைக்கல" என்றார். பல் டாக்டர், "அந்தப் பொம்பள கையப் பாருங்க, ஒரு பாசம் இருக்கா? அதான் நிஜம்" என்றார். அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் என் அப்பா என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாக வெளியே உட்கார வைத்தார்கள். உறவு இருந்தால் ஓட்டு கிடையாது. சொல்லாமல் இருந்து குட்டையைக் குழப்பியிருக்கலாம், எனக்கு வரவில்லை. நான்கு பேரும் உன் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இனி எடுத்தவன் எழுதித் தந்தால்தான் நிறுத்த முடியும். வெள்ளிக்கிழமை பட்டியல் அச்சுக்குப் போகிறது.

கலை, உண்மை என்று ஆரம்பிக்காதே. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: ஒன்பதில் அந்த ஒரு படத்தில்தான் நான் கண்ணை எடுக்கவில்லை. உனக்கு வேலை தெரிகிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த விரிப்புகளைத் துவைக்கிறேன், ஒருநாளும் அருவருத்ததில்லை. உன்னை நினைத்துத்தான் அருவருத்தேன்.

நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா என்னைச் சவரம் செய்துவிடச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்ற கதையை ஒரு மணி நேரம் உன் போனுக்கு முன்னால் சொன்னார். நடுவில் இருமல் வந்தபோது, "இத வெட்டிடுவல்ல?" என்று உன்னிடம் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நொடிகூடப் படத்தில் இல்லை. அவருக்கு அது தெரியாது. நேற்றும், "எம்படம் எப்ப வருதாம்?" என்றார். காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரையும் கூட்டிப்போக வேண்டுமாம். அரங்கத்துக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிடு, தம்பி. நாற்காலி நுழையும் என்றார்கள். நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அக்கா