ஒன்பதாம் பக்க ஓரத்தில்

ஸ்ரீரங்கம், ஆடி 9, வெள்ளி.

1. செயலியைத் தேர்ந்தெடுத்த விதம்.
2. கோபாலன் வந்தது.
3. பிழை செயலியுடையது.

கைப்பேசியில் ஆவணங்களைப் படித்துக் குறிப்பெழுத நான்கு செயலிகளை ஒரு வாரம் சோதித்தேன். தொடர்பு எண்கள், படங்கள் எதையும் பார்க்க அனுமதி கேட்காத ஒன்றை நம்பினேன். நண்பன் கோபாலன் தன் மறைந்த மனைவியைப் பற்றி எழுதிய சிறு நூலுக்கு அதில்தான் பிழை திருத்தினேன். ஒன்பதாம் பக்க ஓரத்தில் எனக்காக மட்டும் எழுதிக்கொண்டேன்: "பொய். அவளிடம் இவன் அன்பாகப் பேசியதே இல்லை." திருத்திய கோப்போடு அதுவும் அவனுக்குப் போய்விட்டது.

காலையில் புத்தூரிலிருந்து வந்தான்.

"நாப்பது வருஷம் பக்கத்து வீட்ல இருந்தவன், நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும். அச்சடிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

காபியைத் தொடாமல் போய்விட்டான்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. இப்போது அதே கோப்பை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். "குறிப்புகளையும் சேர்க்கவா?" என்று செயலி கேட்கிறது. அன்றும் கேட்டிருக்கும். நான்தான் படிக்காமல் சரி என்று அழுத்தியிருக்கிறேன்.