பின்பக்கத்து எழுத்து

பென்சில் மட்டும்தான் பாவிக்கலாமாம். பேனை மை பட்டால் உன் தாள்களுக்கு ஆகாதாம். உயிரோடு இருந்தபோது அவற்றின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தவள் நீ. இப்போது அவற்றைச் சேமித்து வைக்கவென்று நூலகம் அனுப்பிய சாம்பல் நிறப் பெட்டிகள், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உன் வீட்டு முன்னறையை நிறைத்துக் கிடக்கின்றன. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

உன் மகள்தான் கூப்பிட்டாள். "அம்மான்ர எழுத்து ஒண்டும் விளங்கேல்லை அன்ரி. வந்து பிரிச்சுத் தர ஏலுமோ?"

போனேன். எல்லாம் நாம் இருவரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்த காலத்துத் தாள்கள். இடைவேளையில் நான் கவிதை எழுதுவேன். பிடிக்காமல் கசக்கி எறிவேன். நீ அதைப் பொறுக்கி, மேசையில் வைத்து நீவி, பின்பக்கத்தில் உன் கவிதையைத் தொடங்குவாய். "வெள்ளைத் தாளைக் கண்டாப் பயமடி. நீ எழுதி எறிஞ்சதிலதான் எனக்குக் கை ஓடுது" என்பாய்.

அந்தக் கவிதைகள் புத்தகமாயின. வெஸ்ட் ஈலிங்கில் உனக்குப் பொன்னாடை போர்த்தியபோது தட்டத்தை ஏந்திக்கொண்டு நின்றவள் நான். சிரித்துக்கொண்டுதான் நின்றேன், வயிறு பற்றி எரிந்தது. உனக்கும் தெரிந்திருந்தது. திரும்பி வரும்போது காரில், "எரியட்டும். அப்பத்தான் நீ எழுதுவாய்" என்றாய். உன் வாயில் ஒன்று போடலாம்போல் இருந்தது.

ஒவ்வொரு தாளுக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று குறிப்பு எழுத வேண்டுமாம். மகள் ஒரு தாளைத் திருப்பினாள்.

"இந்தப் பின்பக்கம் ஆரின்ர எழுத்து அன்ரி? தெரியாதெண்டு போடட்டோ?"

"என்ர தலையெழுத்து" என்றேன்.

அவள் பென்சிலை எடுத்து அதையே எழுதத் தொடங்கினாள். நம்மிடம் தமிழ் படித்த பிள்ளையல்லவா!

"ஐயோ, அழி பிள்ளை. அது பின்பக்கமில்லை, முன்பக்கம். அதில முதல் எழுதினது நான். என்ர பேரைப் போடு."

போட்டாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். தாளைத் திருப்பி உன் பக்கத்தைப் படித்தேன். நல்ல கவிதை. பாழாய்ப்போனவளே, அவ்வளவு நல்ல கவிதை.

பழைய எரிச்சல் அப்படியே பஸ்ஸில் என்னோடு வீடுவரை வந்தது. நீ போனபின் ஒரு வரியும் எழுதாதவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். பிடிக்கவில்லை. கசக்கி எறிந்தேன்.

இன்னும் தரையில்தான் கிடக்கிறது.