கேட் பாஸில் ஒரு மேலாநெல்லி

ஜனவரி 22, 1978. ஞாயிறு.

காலை ஆறு மணிக்குக் கடும் பனி. சைக்கிள் கைப்பிடியைத் தொட முடியவில்லை. தேவகியைப் பின்னால் உட்காரவைத்துப் பென்னலூர்ப் பக்கம் ஏரிக்கரைக்கு. செடி பறிக்க.

விவரம் (அடுத்த வருஷம் படித்தால் எனக்கே மறந்திருக்கும்): மகள் காஞ்சிபுரம் காலேஜில் தாவரவியல், கடைசி வருஷம். நாற்பது செடி பறித்து, பழைய பேப்பருக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதி 31ஆம் தேதி மேடத்திடம் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ரெக்கார்டில் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லையேல் பிராக்டிகல் பரீட்சை கிடையாது. ஒரு வருஷம் போச்சு. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நான் எஸ்.எஸ்.எல்.சி. அதுவும் இரண்டாம் படையெடுப்பில்.

தும்பையைக் கண்டதும் ஆர்வமாக நுனியைக் கிள்ளினேன்.

"இன்னாப்பா, கீரையா ஆயற? வேரோட வேணும். பூவோட வேணும். காய் இருந்தா அதுவும் வேணும்."

"சம்பந்தி வூட்டுக்காரங்க மாதிரி கேக்கறியே."

ஆடு மேய்க்கிற கன்னியப்பன் பார்த்துவிட்டார். "இன்னா ஸ்டோரு சாரு, ஆடு கீடு வாங்கிக்கினியா?" பாப்பா படிப்புக்கு என்றேன். "இத்தப் படிக்கவா காலேஜு? எங்கிட்ட அனுப்பியிருந்தா எந்த ஆடு எத்தத் தின்னும்னு ரெண்டே நாள்ல சொல்லிக் குடுத்திருப்பேன்."

இன்று கிடைத்தவை 6. ஆகமொத்தம் 39. முழங்கால் வலி.

ஜனவரி 23. திங்கள்.

டீ இடைவேளையில், கம்பெனியில் பழைய இரும்பு கொட்டும் ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் ஒரு செடி கண்ணில் பட்டது. கீழாநெல்லி மாதிரி, ஆனால் அது இல்லை. வேரோடு பிடுங்கி டிபன் கேரியர் மேலடுக்கில் வைத்துக்கொண்டேன். சாயந்திரம் கேட்டில் வாட்ச்மேன் "கேரியர்ல இன்னா சார்?" என்றார். "காலி" என்றேன். கேட் பாஸ் இல்லாமல் ஒரு போல்ட்டை எடுத்துப் போகிறவனைப் பதினாலு வருஷமாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிற ஸ்டோர் கீப்பர் நான்.

தேவகிக்கு ஒரே சந்தோஷம். "மேலாநெல்லிப்பா! எங்க எடுத்த?"

"ஏரிக்கரைதான். நேத்து பையிலயே தங்கிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கம்பெனிச் செடி என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் செடியோடு வைக்கும் பெயர்ச் சீட்டில் இடம் ஏரிக்கரை என்றே எழுதிவிட்டாள்.

அதன் பெயர் பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். மதராஸ்பட்டணத்துச் செடி என்று அர்த்தமாம். எவனோ வெள்ளைக்காரன் வைத்த பெயரில் நம் பட்டணம்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு சந்தேகம் கேட்டேன். தமிழில் பெயர் இருக்கும்போது இந்த வாய் சுளுக்கும் பெயர் எதற்கு? தே. ஒரு செடியைக் காட்டி அம்மாவைக் கேட்டாள். சரோஜா "தாத்தாப்பூ" என்றாள். "எங்க சேரப்பணஞ்சேரில வெட்டுக்காயப் பூண்டும்பாங்க." எங்கள் இஷ்யூ கவுண்டர் ஏழுமலை அதையே கிணற்றடிப் பூண்டு என்பான். ஒரு செடி, மூன்று பெயர். ஸ்டோர்ஸிலும் இதே தலைவலி உண்டு. மூன்று ஷிப்டுக்காரர்கள் ஒரே ஸ்பானரை மூன்று பெயரில் கேட்பார்கள். அதனால்தான் நாங்கள் பொருளை முன்னால், குணத்தைப் பின்னால் எழுதுவது: வாஷர், செம்பு, அரை அங்குலம்.

"அதேதாம்ப்பா! முதல்ல பேரினம், அப்புறம் சிற்றினம். நீ வாஷர்னு சொல்றது பேரினம். செம்புன்றது சிற்றினம்."

பதினாலு வருஷமாக நான் விஞ்ஞானி. யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 24. செவ்வாய்.

தே. காலேஜோடு ஏற்காடு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வருவாள். போகும்போது சொன்னது: "தெனம் சாயந்திரம் ஈரப் பேப்பர எடுத்துட்டு காய்ஞ்ச பேப்பர் மாத்தணும். வேற ஒண்ணும் பண்ணாத."

"அந்தக் கடைசி வார்த்த ஒங்களுக்குன்னே சொன்னது" என்றாள் சரோஜா.

பேப்பர் மாற்ற ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் பழைய செய்திகளைப் படித்தது. மாற்றும்போது ஒட்டியிருந்த தூசியை நன்றாக உதறிவிட்டேன். சுத்தம் முக்கியம்.

கட்டுக்கு மேல் பாரம் அம்மிக்கல். வீட்டில் துவையல் கிடையாது.

ஜனவரி 25. புதன்.

ஓ.டி. முடிந்து வந்து பேப்பர் மாற்றினேன். வீடு முழுக்கக் கஷாய வாசனை. ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை.

ஜனவரி 26. வியாழன். குடியரசு தினம்.

கம்பெனியில் கொடி. பூந்திப் பொட்டலம். பத்து மணிக்கு வீடு. நாள் முழுக்க சும்மா.

தே. அடுக்கியிருந்த முறை மூன்று நாளாக மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. குப்பைமேனி பக்கத்தில் ஆமணக்கு. கத்தரிக்கும் ஊமத்தைக்கும் ஒரே இடம். குழந்தை அவசரத்தில் கலைத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, திருத்தி வகைப்படுத்தினேன்:

கொடிகள் — 7
முள் உள்ளவை — 6
தின்னக்கூடியவை — 9
மருந்து — 8
ஆடு தொடாதவை — 3 (கன்னியப்பன் வாக்கு)
இதர — 7

"இதர" இல்லாத ஸ்டோர்ஸ் உலகத்தில் கிடையாது.

ஸ்டாக் எடுக்கும்போது, பெட்டிக்குப் பெட்டி தொங்கும் இருப்பு அட்டைகளை, அதாவது பின் கார்டுகளை, கழற்றி வரிசையாக அடுக்குவது எங்கள் வழக்கம். அதேபோல் ஒவ்வொரு செடியோடும் இருந்த பெயர்ச் சீட்டை எடுத்து, 1 முதல் 40 வரை அடுக்கி, கிளிப் போட்டேன். செடி 40. சீட்டு 40. டேலி.

நல்ல தூக்கம்.

ஜனவரி 27. வெள்ளி.

மாலை 6. தே. வந்தாள். முகம் கழுவாமல் கட்டைப் பிரித்தாள். ஒரு தாள், இரண்டு தாள், மூன்று தாள்.

"சீட்டெல்லாம் எங்கப்பா?"

கிளிப்பை எடுத்துப் பெருமையாகக் கொடுத்தேன். "நாப்பதும் கீது. எண்ணிப் பாத்துக்கோ."

கிளிப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எது எதோடதுப்பா?"

ஸ்டோர்ஸில் மரப்பெட்டியில் நம்பர் பெயிண்டால் எழுதியிருக்கும். கார்டைக் கழற்றினாலும் திரும்பப் போய்ச் சேரும். செடியில் பெயிண்ட் அடித்து நம்பர் இல்லை. இது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

சரோஜா: "ஆஸ்பத்திரில பொறந்த கொழந்தைங்களயெல்லாம் ஒரே தொட்டில்ல போட்டுட்டு, பேரு சீட்ட மட்டும் பத்திரமா பீரோல வச்ச கதைதான்."

குழம்பு நன்றாக இருந்தது. இறங்கவில்லை. இன்னும் நாலு நாள்.

ஜனவரி 28. சனி.

லீவு. காலை முதல் கூடத்தில் நாற்பது செடி, நாற்பது சீட்டு, மூன்று பேர். தே. பூதக்கண்ணாடியோடு. நான் எடுபிடி.

"எலயப் பாத்து ஏமாறாதப்பா. பூவப் பாரு. சாப்பிடறதா, முள்ளு குத்துதான்னுலாம் பாக்கக் கூடாது. அதெல்லாம் நமக்கு. பூதான் அதோட குடும்பத்தச் சொல்லும்."

அவள் கலைத்துப் போட்டதாக நான் நினைத்தது குடும்பம் குடும்பமாக அடுக்கிய வரிசை. கற்றுக்கொண்டவை:

1. தும்பையும் துளசியும் ஒரே குடும்பம். தண்டைத் தடவினால் நாலு பட்டை. நானே தடவிப் பார்த்தேன்.
2. கத்தரி, தக்காளி, ஊமத்தை ஒரே குடும்பம். சரோஜா: "இத்தினி வருஷம் வெஷக்காரங்க வூட்லயா சம்பந்தம் வச்சிருந்தோம்? நாளைக்கு எண்ணெய்க் கத்தரிக்கா கெடையாது."
3. தும்பைக்கும் நாயுருவிக்கும் இரண்டாவது பெயர் ஒன்றே: ஆஸ்பெரா. சொரசொரப்பு என்று அர்த்தமாம். சொந்தக்காரர்களா என்று கேட்டேன். இல்லை. எங்கள் ஷிப்டில் இரண்டு முனுசாமி இருக்கிற மாதிரிதான். இனிஷியல் வேறு, வீடு வேறு. நம்மிலும் அப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால் வருகிறது. புரிந்துவிட்டது.

விளக்கு வைப்பதற்குள் 38 சேர்ந்துவிட்டன. மீதி இரண்டு செடி, இரண்டு சீட்டு: கீழாநெல்லி, மேலாநெல்லி. இரண்டிலும் இலை இல்லை, காய் இல்லை. வெறும் குச்சி. எல்லாம் உதிர்ந்து ஒரே பேப்பரில் குவியலாகக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை தூசி உதறிய புண்ணியவான் நான்.

"ரெண்டும் நெல்லிதானே, எதுல எத ஒட்டினா இன்னா? மேடம் பாக்கவா போறாங்க?" என்றேன். ஸ்டோர்ஸ் புத்தி.

"அவங்க பாக்கலன்னா இது அதுவா மாறிடுமா?"

இரண்டு சீட்டையும் திரும்பக் கிளிப்பில் போட்டேன்.

ஜனவரி 29. ஞாயிறு.

கீழாநெல்லி குளியலறைக்குப் பின்னாலேயே கிடைத்தது. பிடுங்கித் தண்ணீர்ச் சொம்பில் வைத்தாயிற்று. மேலாநெல்லிக்கு, சீட்டில் போட்டிருந்தபடி, ஏரிக்கரை.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் நினைத்தேன். மைல்கல் தீர்ந்துபோனது.

இரண்டு மணி நேரம். தே. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில். "இந்தப் பக்கமாப்பா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு." நானும் குனிந்து மும்முரமாகத் தேடினேன். இல்லாத செடியை என் அளவுக்கு அக்கறையாகத் தேடியவர் இருக்க முடியாது. ஒருவேளை இங்கேயும் ஒன்று முளைத்திருக்கலாம் என்ற நப்பாசை.

கன்னியப்பன்: "போன வாரப் பாடமே இன்னும் முடியலியா?"

தே. காலில் முள் ஏறிவிட்டது. கரையில் உட்கார்ந்து பிடுங்கினாள். ரத்தம். அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஸ்கிராப் யார்டு, டிபன் கேரியர், வாட்ச்மேன், எல்லாம்.

முள்ளைத் தூரப் போட்டாள். அப்புறம்: "பேரத் தப்பா எழுதியிருந்தா, இருபது வருஷம் கழிச்சாவது யாராச்சும் செடியப் பாத்துத் திருத்திடுவாங்கப்பா. எடத்தத் தப்பா எழுதினா செடியப் பாத்துத் தெரியாது. இப்ப நாம தேடினமே, அந்த மாதிரி தேடிக்கினே இருப்பாங்க."

திரும்பி வரும்போது சைக்கிளில் பின்னால் கனமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தாள். ரோட்டு முனையில் சொன்னாள்: "நாளைக்குக் கேட் பாஸ் போட்டு எடுத்துக்கினு வா."

ஜனவரி 30. திங்கள்.

ஸ்கிராப் யார்டில் மூன்று செடி இருந்தன. சின்னதாக ஒன்று, காய்களோடு எடுத்தேன். கேட் பாஸ் எழுத உட்கார்ந்தேன்.

பொருள்: பில்லாந்தஸ், மதராஸ்பட்டென்சிஸ்.
எண்ணிக்கை: 1.
திரும்ப வருமா: வராது.

எங்கள் ஸ்டோர்ஸ் ஆபீசர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "இம்போர்ட்டடா?"

"இல்ல சார். மெட்ராஸ்தான்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் பாஸை இரண்டு தடவை படித்தார். "இது எந்த மிஷின் பார்ட்டு சார்?" கேரியரைத் திறந்து காட்டினேன். செடியைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒடம்புக்கு எதுனா சரியில்லியா சார்? மஞ்சக்காமாலைக்கா?" முத்திரை மட்டும் குத்திவிட்டார். போன திங்கட்கிழமை கேரியரிலும் இதுதான் இருந்தது என்று அவரிடமும் சொன்னேன். "செடிதானே சார்" என்றார். இருந்தாலும் சொன்னேன்.

வீட்டில் சரோஜா அடுப்பில் வெந்நீரோடு தயார். இந்த வகைச் செடியைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் காயும்போது இலை உதிராதாம். இரண்டு நெல்லியையும் முக்கி, பேப்பருக்கு நடுவில் வைத்து, கரிப் பெட்டியால் இஸ்திரி. சரோஜா கரி ஊதினாள், தே. தேய்த்தாள், நான் பேப்பர் மாற்றினேன். உதறவில்லை.

ஜனவரி 31. செவ்வாய்.

பனி இல்லை. தே. 6.40 பஸ். நாற்பது தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம். கண்டக்டர் "இன்னாம்மா அது?" என்றதற்கு அவள் சொன்ன பதில் கேட்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

ஸ்டோர்ஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. இஷ்யூ ஸ்லிப்பில் இரண்டு தப்பு.

மா. 5.30. வந்தாள். கையெழுத்து ஆகிவிட்டது. மேடம் நாற்பதையும் வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தார்களாம். கடைசித் தாளில் மட்டும் நின்றார்களாம்.

"ஸ்கிராப் யார்டா?"

"எங்கப்பா வேல செய்யற எடம் மேடம். அவர்தான் எடுத்தார்."

பேனாவைத் திறந்தார்களாம். கையெழுத்தைப் போட்டுவிட்டார்களாம்.

காலையில் அவள் தலை வாரும்போது நான் பார்த்து எழுதி வைத்துக்கொண்டது:

எண் 40. பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ்.
இடம்: தொழிற்சாலை ஸ்கிராப் யார்டின் பின்புறம், ஸ்ரீபெரும்புதூர்.
நாள்: 30-1-78.
சேகரித்தவர்: என் பெயர். இனிஷியலோடு.

அம்மி அதன் இடத்துக்குத் திரும்பியது. தேங்காய்த் துவையல்.

பிப்ரவரி 1. புதன்.

அரையாண்டு ஸ்டாக் எடுப்பு. காலை எட்டு மணி. ஏழுமலை வழக்கம்போல முதல் ரேக்கில் ஏறி, பின் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் அடுக்க ஆரம்பித்தான்.

"டேய், கைய எட்றா!"

நான் போட்ட சத்தத்தில் கிரேன் ஆபரேட்டரே நிறுத்திவிட்டார்.