எதியேன் ஓடித்தான் போனார், மாமா

என் அன்பு மாமா,

பனி கரைந்து எங்கள் வில்லரேப் பகுதி நடைபாதையெல்லாம் சேறாகக் கிடக்கிறது. நான் வேலை செய்யும் கார்தெரியில், காப்பகத்துக் குழந்தைகளுக்குச் சப்பாத்து மாட்டியும் கழற்றியும் என் இடுப்பு ஒடிகிறது. நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் அறையை இன்னும் ஒதுக்கவில்லை. உங்கள் மகன் கதவுவரை போவார், திரும்பி வருவார். நானும் ஒன்றும் கேட்பதில்லை.

உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. எதியேன் கிடைத்துவிட்டார்.

உங்கள் பூட்டனுக்கும் முந்திய அந்த மனிதர், மனைவி மரியையும் பிள்ளைகளையும் மொன்றியலில் விட்டுவிட்டு, தோல் வியாபாரிகளின் தோணியில் மேற்கே போனவர். திரும்பவே இல்லை. குடும்பத்தில் அவருக்கு 'ஓடிப்போனவர்' என்றுதான் பெயர். நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தோணி கவிழ்ந்திருக்கும், காய்ச்சலில் போயிருப்பார் என்று வாதாடுவீர்கள். மெத்ரோ ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடுவதே உங்கள் வேலையாகிவிட்டது.

நான் ஏன் கூடச் சேர்ந்து தேடினேன் என்று உங்களுக்குத் தெரியும். மருமகளாக வந்த புதிதில் "உன் அப்பா எங்கே?" என்று கேட்டீர்கள். இலங்கை யுத்தத்தின் கடைசியில் காணாமல் போய்விட்டார் என்றேன். அந்த இடத்தில் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசியாக யார் கண்டது, என்ன நிறச் சட்டை என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் எனக்கு உண்மையாகவே மாமா ஆனீர்கள்.

நீங்கள் அப்பன், மகன், பேரன் என்று நேராகத் தேடினீர்கள். நான் எங்கள் ஊர் மரண அறிவித்தல் மாதிரித் தேடினேன். எங்களில் ஒருவர் செத்தால் மைத்துனர், சகலன், சம்பந்தி என்று ஒருவரையும் விடாமல் சொல்லவேண்டும். விட்டால் செத்தவீட்டிலேயே சண்டை வரும். மனைவியின் தங்கை புருசனுக்கென்று தனியாக ஒரு சொல்லா என்று சிரித்தீர்களே, அந்தச் சகலனைத்தான், மரியின் தங்கை புருசனைத்தான் பிடித்தேன். கார்தெரிக் குழந்தைகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் கைபேசியில் பழைய தேவாலயப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது.

சகலனும் அதே தோணியில் போயிருக்கிறார். பிறகு தன் மனைவியையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். எங்கள் ஆட்களின் பாஷையில் சொன்னால், அவர் மனைவியை ஸ்பொன்சர் பண்ணினார், எதியேன் பண்ணவில்லை. இலினோயில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், சகலனின் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தகப்பனாக நிற்கிறார் உங்கள் எதியேன்.

கிழவனாகும்வரை அங்கேதான் இருந்திருக்கிறார். மரவீடு கட்டி, சோளம் போட்டு, அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண் ஒருத்தியோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றிருக்கிறார். அவளுடைய பெயரை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று அந்த ஊரில் அவர், காட்டைத் திருத்தி ஊரைத் தொடங்கியவர்களில் ஒருவராம். கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவளுடைய ஆட்கள் அதற்கு முன்பே அங்கே குடியிருந்தார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.

ஆக, உங்கள் குடும்பம் சொன்னதுதான் சரி. இதை உங்களிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மகனிடம் சொன்னபோது, "நல்லவேளை, அப்பாவுக்குத் தெரியாமல் போயிற்று" என்றார் பிரெஞ்சில். அப்படியா மாமா? தெரிந்திருந்தால் உடைந்திருப்பீர்களா?

போன ஞாயிறு புரோசார்டில் அம்மாவிடம் போனேன். அம்மா இன்னும் பொட்டு வைக்கிறார். அப்பா இறந்துவிட்டார் என்று வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லி வந்தவர்கள், தேத்தண்ணி குடிக்காமலே திரும்பியிருக்கிறார்கள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"மாமா தேடின மனுசன் கிடைச்சிட்டாரே?"

"ஓமம்மா. அமெரிக்காவிலை வேறை குடும்பமா இருந்திருக்கிறார்."

"அப்ப வழியிலை சாகேல்லையோ?"

"இல்லை. வயசு போய்த்தான் செத்தவர். பிள்ளையளும் பக்கத்திலை இருந்திருக்கினம்."

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். கைவிட்டுப்போன புருசன்மாரைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"கொப்பரும் அப்பிடி எங்கையாவது ஓடியிருந்தா எவ்வளவு நல்லம்" என்றார். "ஒருத்தியைக் கட்டி, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாக் காணும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

எதியேன் ஓடவில்லை, செத்துத்தான் போனார் என்று நீங்கள் ஆயுள் முழுக்க வாதாடினீர்கள். அப்பா சாகவில்லை, ஓடித்தான் போனார் என்று நாங்கள் வேண்டிக்கொண்டிருக்கிறோம். களைத்துவிட்டோம் மாமா. ஆனாலும் அந்த ஓடிப்போன கிழவரை என்னால் வெறுக்க முடியவில்லை. அவருக்கு வயது போனது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் வழக்கப்படி உங்களுக்கு ஒரு நினைவுமலர் அச்சடிக்கப் போகிறேன். அதில் வம்சாவளி வரும். எதியேனுக்கு ஒரு பக்கம் மரி, மறுபக்கம் பெயர் தெரியாத அவள், இருவரின் பிள்ளைகள், அந்தச் சகலன், எல்லோரும் வருவார்கள். உங்கள் சம்பந்தி என்று என் அப்பாவின் பெயரும் வரும். செத்தவர்கள் எல்லோருடைய பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். அப்பாவின் பெயருக்கு முன்னால் அதைப் போடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

தேடிக் களைத்த உங்கள் மருமகள்,
சுகந்தி