கையால் நீ கேட்ட கேள்வி

அப்பா,

போளூர் ஜவுளிக் கடையில் இன்று கடைக்காரர் ஒரு மீட்டர் மல் துணியை டர்ரென்று கிழித்துக் கொடுத்தார். புதிதாகப் பிறந்த பேரனுக்காக வாங்கியது. அந்தச் சத்தத்தில் நீ நினைவுக்கு வந்தாய். உன் கழுத்து ஓட்டையின் மேல் நனைத்துக் கட்ட நான்கு வருடம் இதே துணியைத்தான் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசி அது. உனக்கும் எழுபது நெருங்கியிருந்தது. குரல் கம்மி, சோறு இறங்காமல், மூச்சும் இழுக்கத் தொடங்கியபோது, போளூரில் வாக்கப்பட்டிருந்த நான்தான் ஓடி வந்து, மலைமேல் புதூர்நாட்டிலிருந்து உன்னை ஜீப்பில் இறக்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தொண்டையில் புற்று என்றார் டாக்டர். குரல்வளையையே எடுத்தால்தான் பிழைப்பாயாம். அப்புறம் பேச்சு வராது, மூச்சும் கழுத்து வழியாகத்தான். “மக நீங்க சொன்னாத்தான் கேப்பாரு, நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

சாமைக் கொல்லையில் பரண் மேல் நின்று நீ ஒரு கூச்சல் போட்டால் காட்டுப்பன்றிகள் அடுத்த கரட்டைத் தாண்டி ஓடும். விஷயத்தைச் சொன்னால் நீ எழுந்து மலைக்கே போய்விடுவாய்.

“கட்டிய மட்டுந்தான் எடுக்கறாங்கப்பா” என்றேன்.

“நீ சொன்னா சரிதான் புள்ள” என்று கட்டைவிரலை மையில் வைத்தாய்.

கண் விழித்த உனக்குப் பேசுவதற்கென்று கட்டிலில் ஒரு சிலேட்டை மாட்டினார்கள். எழுத்தே தெரியாத மனுஷனுக்குச் சிலேட்டு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீ அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாய்.

எட்டாம் நாள் கேட்டாய். என்னைக் காட்டினாய், நெற்றியைத் தட்டினாய், தொண்டைக் கட்டைத் தொட்டுவிட்டுக் கையை விரித்தாய். இது உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்கிறாய். எனக்கு அப்படியே விளங்கியது.

“இன்னாப்பா, தண்ணி வோணுமா?”

இல்லையென்று தலையசைத்தாய். மறுபடியும் அதே சைகை, இன்னும் நிதானமாக.

“வலிக்குதா? நர்ஸம்மாவ கூப்புடட்டா?”

மூன்றாம் முறை பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிட்டாய். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

அப்புறம் நான்கு வருடம் இருந்தாய். பன்றி வந்தால் தகரம் தட்டினாய். மாதம் ஒருமுறை மலையேறி வந்து துணி மாற்றுவேன். உன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். மழையைப் பற்றிப் பேசுவேன், மாடு கன்று போட்டதைப் பற்றிப் பேசுவேன். நீ மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லி நான் தப்பித்திருப்பேன்.

உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீலாக இன்றுவரை வாதாடுகிறேன். அந்தப் பொய்யை நீ மன்னித்திருப்பாய். கேட்ட உன்னை ஊமையாக்கிவிட்டு, புரியாதவள்போல் நின்றேனே, அதிலிருந்துதான் என்னால் வெளியே வர முடியவில்லை.

நீ ரேகை வெக்கறப்பவே எனக்குத் தெரியும்ப்பா. நீ கையக் காட்டிக் கேட்டதும் புரிஞ்சிது.