மூன்று சீட்டிலும் ஒரே தொகுப்பு

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. எழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. போன வாரம் படியில் வழுக்கி வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறது, நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். மற்றபடி மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். சண்டை நீங்கலாக நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ராத்திரி மணி பன்னிரண்டு. அப்பா உள்ளறையில் படுத்திருக்கிறார். உனக்குக் கடிதம் போடுவது தெரிந்தால் போன முறை போல ஒரு மாதம் எங்களோடு பேசமாட்டார் என்று சின்னவளுக்கு நடுக்கம், அவர் இருமினால் காகிதத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் தள்ளிவிடுகிறாள். எழுதடி என்கிறேன். நான்கு வருடம் பயந்தது போதும்.

வருடத்தின் கடைசி நாளில் நம் வீட்டில் நடக்கும் தேர்தலை நீ மறந்திருக்க மாட்டாய். எல்லாக் காலத்துக்கும் சிறந்த இசைத்தொகுப்பு எது என்று ஆளுக்கொரு சீட்டு எழுதித் திருகாணி டப்பாவில் போடுவதும், ஜெயித்ததை மறுநாளிலிருந்து வருடம் முழுக்க அப்பா தன் ரேடியோ பழுதுக் கடையைத் திறந்ததும் முதலில் ஓடவிடுவதும், அதன் அட்டையைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதும் அப்படியேதான் இருக்கிறது. நீ படிப்பை விட்டு இசை என்று போன பிறகு ஒவ்வொரு வருடமும் அவருடைய வீணைத் தொகுப்புதான். அவருக்கு ஒரு சீட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சின்னவள் எழுதிய சீட்டு இன்னொன்று. போன வருடம் இவள் மனசு மாறிச் சீட்டைத் திருப்பிக் கேட்டாள். அதற்கு அவர், "டப்பாவுல விழுந்தா விழுந்ததுதான், பிரதமரே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றார். அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

நீ மெட்டமைத்து அனுப்பிய 'ஒன்பதாம் மாடி' தொகுப்பு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா, அட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, பழுதுக்கு வந்து அவர் வீட்டுக்கு எடுத்துவந்திருந்த ஒரு பிளேயருக்குள் தலைப்பு மட்டும் அச்சடித்த அந்தச் சிடியைப் போட்டு மூடிவிட்டேன். உள்ளே எது கிடக்கிறதோ அதை ஓட்டியே சோதிப்பது அவர் வழக்கம், எடுத்து வைத்தால் வாடிக்கையாளர் பொருள் மாறிப்போகுமாம். பெல்ட் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மனிதர் பத்து நாள் சோதித்தார். நான்காவது பாட்டில் குழல் நின்று மறுபடி வருமே, அந்த இடத்தில் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "எவனோ வேலை தெரிஞ்ச ஆளும்மா" என்றார். நான் தையல் மிஷினில் காலை ஓட்டிக்கொண்டு காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் மூன்று சீட்டிலும் அதே பெயர். அவருக்கு ஒரே சந்தோஷம். "ஒத்துமையா ஒரு காரியம் இந்த வீட்ல நடந்திருச்சே! யாரோட பிளேயர் அது, அட்டையக் கேட்டு வாங்கணும்" என்றார். நான் மிஷின் இழுப்பறையைத் திறந்து இடது கையால் அட்டையை அவர் முன்னால் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். இசை என்று போட்டு உன் பெயர். "செல்லாது" என்றார். டப்பாவில் விழுந்தால் விழுந்ததுதான் என்றேன். "நாளைக்குக் கடையத் திறக்கப்போறது நான்" என்று சீட்டுகளை வாரி எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

திறக்கப்போவது நான்தான். கட்டுப் போட்டது கைக்கு, காலுக்கு இல்லை. விடிந்ததும் போய் உன் சிடியைப் போடுவேன், அட்டையை அலமாரியில் பெயர் தெரியும்படித் திருப்பி வைப்பேன். தெரு முழுக்கக் கேட்கட்டும், அவரும் கேட்டுக்கொண்டே வரட்டும். என்னோடு பேசாவிட்டால் போகிறார், இன்னும் ஒரு மாதம் நிம்மதியாகத் தைப்பேன். பாவம் பார்த்து ஓட்டுப் போட்டோம் என்று நினைக்காதே. பாவம் பார்த்தால் வீணைக்குத்தான் போட்டிருப்பேன், இந்த வருடம் அதற்கு அவர் ஓட்டுக்கூட இல்லை. உன்னுடையது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏழாவது பாட்டு மட்டும் இழுவை, அடுத்த முறை குறைத்துக்கொள். ராத்திரி கண் விழிக்காதே. குழல்காரப் பையனுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடு, வாசிப்பில் மூச்சு இளைப்பது தெரிகிறது. அப்பாவுக்கு நீயாக எதுவும் எழுதிவிடாதே, இதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தொட்டதெல்லாம் துலங்க என் ஆசிகள்.

கையெழுத்து மட்டும் இடது கையால் கிறுக்கியது,
உன் அம்மா

அக்கா, இது நான். அம்மா படுக்கப் போய்விட்டாள். கடைச் சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, எடுத்து வா என்று என்னைத்தான் அனுப்பினாள். கொக்கியில் தொங்கிய சட்டைக்குள் கையை விடும்போது சாவி கிணுங்கிய சத்தத்திலேயே அவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். சாவியோடு சேர்த்து நம் மூன்று சீட்டுகளும் இருந்தன. கிழிக்கவில்லை. கசங்கிய காகிதத்தை நீவிவிட்டு, நான்காக மடித்து, சாயங்காலம் விட்டுவிட்டுப் போன உன் அட்டையையும் எப்போது வந்து எடுத்தாரோ, அதோடு சேர்த்து வைத்திருந்தார். சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.